உறைமோர்

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து வருகிறவர்கள் ஒரு வேடிக்கையைக் காணலாம். வளவனூர் வரையில் தமிழ்நாடாக இருந்த பூமி மதகடிப்பட்டு வந்ததும் புதுச்சேரியாகிவிடுகிறது. திருபுவனையைக் கடந்து சிறிது தூரம் சென்றால் மறுபடியும் தமிழ்நாடாகிக் கண்டமங்கலம் என்று பெயர் சொல்லிக்கொள்கிறது. அதையும் தாண்டி அரியூருக்குள் நுழைந்தால் மீண்டும் புதுச்சேரி. பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஒரு காலத்தில் இந்த நிலத்தைத் துண்டு துண்டாக ஆண்டதன் மிச்சம் இது. இரு பக்கத்திலும் பாஷை ஒன்று, பயிர் ஒன்று, கொள்வினை கொடுப்பினையிலும் பேதமில்லை. ஆனால் அரசாங்கம் வேறு, பெட்ரோல் விலை வேறு, வண்டியின் எண்பலகை வேறு. யந்திர விஷயத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் இந்த எல்லை விசித்திரத்தை எதற்காக முதலில் சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும்.

என் தமக்கையின் மகன் கண்டமங்கலத்தில் எங்கள் வீட்டில் தங்கி, பக்கத்திலுள்ள பொறியியல் கல்லூரி ஒன்றில் படிக்கிறான். சென்ற வருஷம் ஒரு சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு மேல், அவனுடைய பழைய மேசைக் கணினியின் விசிறி அரவை மில்லைப் போல இரைந்துகொண்டிருந்தது.

“என்னடா இது சத்தம்?”

“கம்பைலரைக் கம்பைல் பண்றேன் மாமா. விடியற வரைக்கும் ஓடும். கரண்ட் மட்டும் போகாம இருக்கணும்.”

அம்மியை அம்மியிலே வைத்து அரைக்கிறேன் என்று ஒருவன் சொன்னால் எப்படி இருக்கும்? நான் சிரித்துவிட்டேன். அடுக்களையில் பால் ஆற்றிக்கொண்டிருந்த என் மனைவி அங்கிருந்தபடியே, “இதுல சிரிக்க என்ன இருக்கு? தயிர் வேணும்னா மோரைத்தானே உறை ஊத்தறோம்?” என்றாள். அவளுக்குக் கம்பைலர் என்றால் என்னவென்று தெரியாது. எனக்கும் அன்றிரவு அவ்வளவாகத் தெரியாது. பிறகு பையனிடம் கேட்டும் படித்தும் நான் அறிந்துகொண்டவற்றுள், அவள் யோசியாமல் சொன்ன அந்த வார்த்தையைக் காட்டிலும் பொருத்தமான உவமை ஒன்றும் அகப்படவில்லை.

செயலி என்று சொல்லப்படும் சில்லுக்கு எண்களைத் தவிர வேறு பாஷை தெரியாது. இதையும் அதையும் கூட்டு, கூட்டியதை இன்ன இடத்தில் வை, விடை பூஜ்யமானால் இன்ன இடத்துக்குத் தாவு என்பன போன்ற சிறு கட்டளைகளே அதன் சொற்களஞ்சியம். அவையும் பூஜ்யங்களும் ஒன்றுகளுமாகவே இருந்தாக வேண்டும். அந்தப் பாஷையில் மனிதன் எழுத முற்பட்டால் ஒரு பக்கம் முடிவதற்குள் கண் பூத்துவிடும். ஆகையால், மனிதன் ஓரளவு வாசிக்கத்தக்க ‘சி’ முதலிய பாஷைகளில் நாம் எழுதிவிட்டு, அதை யந்திர பாஷைக்குப் பெயர்க்கும் காரியத்தை மற்றொரு நிரலிடம் ஒப்படைக்கிறோம். அந்த மொழிபெயர்ப்பாளன்தான் கம்பைலர். தொகுப்பி என்று நல்ல தமிழ்ப் பெயர் உண்டு. ஆயினும் தொழிலில் இருப்பவர் ஒருவரும் அப்படிச் சொல்லக் கேட்டதில்லையாதலால் நானும் கம்பைலர் என்றே எழுதுகிறேன். நாம் எழுதியது சோர்ஸ், அதாவது மூலம். கம்பைலர் பெயர்த்துத் தந்தது பைனரி. மூலத்தை மனிதன் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கற்பிக்கலாம். பைனரியை ஓட்டலாம், அவ்வளவுதான்.

இங்கிருந்து வடக்கே வானூர் தாலுகாவில் திருவக்கரை இருக்கிறது. அங்கே இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று சொல்லப்படும் மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. 1781-ஆம் ஆண்டிலேயே சொன்னரா என்னும் பிரெஞ்சுக்காரர் அவற்றைப் பார்த்து எழுதி வைத்தார். பட்டை தெரிகிறது, கணு தெரிகிறது, வயது வளையம் கூடத் தெரிகிறது. ஆனால் அதிலிருந்து ஒரு துளிர் விடாது. மூலம் தொலைந்துபோன பைனரியும் அத்தகையதே. எத்தனையோ அலுவலகங்களில், எழுதியவர் ஓய்வு பெற்றுப் போய், மூலம் எங்கே என்று யாருக்கும் தெரியாமல், தொட்டால் என்னவாகுமோ என்ற பயத்தோடு பூஜை செய்து ஓட்டப்படும் நிரல்கள் இந்தத் திருவக்கரை மரங்களே.

மொழிபெயர்க்கும் நிரல் என்ற எண்ணம் 1952-ல் கிரேஸ் ஹாப்பர் என்ற அமெரிக்க அம்மையார் செய்த ஏ-0 என்பதில் முளைவிட்டு, 1957-ல் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸின் குழுவினர் வெளியிட்ட ஃபோர்ட்ரான் கம்பைலரில் மரமாகியது. நம் நாட்டில் 1963-ல் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 1620 யந்திரம் வந்து இறங்கியபோது மாணவர்கள் கற்றதும் அந்த ஃபோர்ட்ரானைத்தான். இந்தச் சரித்திரத்தில் இனி நிதானிக்க வேண்டிய இடம் 1980-கள். அதற்குள் கம்பைலர் என்பது பெரும்பாலும் விலைக்கு விற்கும் சரக்காகி, மூலம் கம்பெனியின் பூட்டுக்குள் போய்விட்டிருந்தது.

1983 செப்டம்பர் 27 அன்று ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர், யாவரும் மூலத்தைப் பார்த்துத் திருத்திப் பகிர்ந்துகொள்ளத்தக்க ஒரு முழு இயங்குதளத்தைத் தாம் செய்யப்போவதாக அறிவித்து, அதற்குக் குனு என்று பெயரிட்டார். முதலில் வேண்டியது கம்பைலர். ஆம்ஸ்டர்டாமில் ‘ஃப்ரீ யுனிவர்சிட்டி’ என்று பெயர் கொண்ட சர்வகலாசாலையில் ஒரு கம்பைலர் இருப்பதாகக் கேள்விப்பட்டு, அதைக் குனுவுக்குப் பயன்படுத்தலாமா என்று அதை எழுதியவருக்குக் கடிதம் போட்டார். ‘ஃப்ரீ’ என்பது சர்வகலாசாலைக்குத்தான், கம்பைலருக்கு அல்ல என்ற கேலியே பதிலாக வந்தது. பிறகு லிவர்மோர் ஆய்வகத்திலிருந்து வேறொரு கம்பைலரைப் பெற்று மராமத்துச் செய்து பார்த்தார். அவரிடமிருந்த சிறிய யந்திரத்தின் ஞாபகத்தில் அது அடங்கவில்லை. கடைசியில் தாமே உட்கார்ந்து எழுதியதுதான் ஜி.சி.சி.; அதன் முதற் சோதனைப் பதிப்பு 1987 மார்ச் மாதம் வெளியாயிற்று. அதற்கு முந்திய வருஷமே ஜி.டி.பி. என்ற டிபக்கரையும், அதாவது பிழை தேடும் கருவியையும், அவர் எழுதியிருந்தார். கடன் கேட்ட வீட்டில் உறைமோர் கிடைக்காதவன் மாடு வாங்கிக் கட்டிய கதை இது.

அந்தச் சனிக்கிழமை இரவு எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது இந்த ஜி.சி.சி.யின் பில்ட்தான். பில்ட் என்றால் மூலத்தை எடுத்து, முழுக் கருவியாகக் கட்டி எழுப்புவது. ஒரு கோடி வரிகளுக்கு மேற்பட்ட அந்த மூலத்தில் பெரும்பகுதி ‘சி’யிலும் ‘சி++’யிலும் எழுதப்பட்டிருக்கிறது. அதை யந்திர பாஷைக்குப் பெயர்க்க வேண்டுமானால் அந்தப் பாஷைகளை அறிந்த ஒரு கம்பைலர் முன்பே இருந்தாக வேண்டும். ஆகவே, கணினியில் ஏற்கெனவே இருக்கும் பழைய கம்பைலரைக் கொண்டு முதலில் ஒரு கம்பைலரைக் கட்டுகிறார்கள். இது முதல் நிலை. இதை அப்படியே நம்புவதற்கில்லை, ஏனெனில் இது பிறந்தது அந்நியக் கையில். இந்த முதல் நிலைக் கம்பைலரை வைத்து, அதே மூலத்தை மறுபடியும் முழுக்கக் கம்பைல் செய்தால் இரண்டாம் நிலை. அந்த இரண்டாம் நிலையை வைத்து, அதே மூலத்தை மூன்றாவது தடவையும் கம்பைல் செய்தால் மூன்றாம் நிலை.

ஒரே காரியத்தை மூன்று முறை செய்வானேன்? பக்கத்து வீட்டு மோரை ஊற்றி உறையவைத்த முதல் நாள் தயிரில் பக்கத்து வீட்டு வாசனை இருக்கும். அந்தத் தயிரிலிருந்து எடுத்து உறையூற்றிய மறுநாள் தயிர் நம் வீட்டுப் பாலின் தயிர். மூன்றாம் நாள் தயிரும் அதைப் போலவே இருந்தால், நம் வீட்டுத் தயிர் நிலைபெற்றுவிட்டது என்று அடுக்களையில் சொல்வார்கள். கம்பைலரில் இது வெறும் ருசி அல்ல, கணக்கு. முதல் நிலைக் கம்பைலர் எந்தக் கையில் பிறந்திருந்தாலும், மூலம் ஒன்றே ஆதலால், அது நடந்துகொள்ளும் விதம் சரியாக இருக்க வேண்டும். நடத்தை சரியாக இருந்தால் அது ஈன்ற இரண்டாம் நிலையும், இரண்டாம் நிலை ஈன்ற மூன்றாம் நிலையும் ஒரு பிட் கூட வித்தியாசமில்லாமல் அச்சாக ஒன்றுபோல் இருந்தாக வேண்டும். மூன்றும் முடிந்த பிறகு கணினியே இரண்டையும் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறது. ஓரிடத்தில் வேறுபட்டாலும் பில்ட் தோல்வி. பரீக்ஷை எழுதியவனே திருத்திக்கொள்ளும் இந்த ஏற்பாட்டில் ஏமாற்ற இடமில்லாமல் செய்திருக்கிற சாமர்த்தியத்தை நினைத்து நான் ஒரு நாள் முழுவதும் வியந்துகொண்டிருந்தேன்.

ஆனால், ஏமாற்ற இடம் உண்டு என்று காட்டியவர் ஒருவர் இருக்கிறார். யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்ஸன், டியூரிங் விருதை ஏற்று ஆற்றிய உரை 1984-ல் வெளிவந்தது. ஒரு கம்பைலரின் பைனரிக்குள் கள்ளத்தனம் ஒன்றைப் புகுத்தி, அந்தக் கம்பைலர் தன் மூலத்தையே கம்பைல் செய்கிறபோதெல்லாம் அதே கள்ளத்தனத்தைப் புதிய பைனரிக்குள்ளும் தானே செருகிவிடும்படி செய்யலாம் என்று அவர் எடுத்துக் காட்டினார். அதன் பிறகு மூலத்திலிருந்து களங்கத்தை நீக்கிவிட்டாலும் பயனில்லை. மூலம் சுத்தமாக இருக்கும், பைனரி தலைமுறை தலைமுறையாகக் கெட்டுக்கொண்டே வரும். உறைமோர் கெட்டிருந்தால் பால் எவ்வளவு நல்ல பசுவினுடையதாக இருந்தும் என்ன?

இதற்குப் பரிகாரங்கள் இரண்டு. டேவிட் வீலர் என்பவர் 2009-ல் தம் டாக்டர் பட்ட ஆய்வில் விரிவாக நிறுவிய முறை, சம்பந்தமே இல்லாத இன்னொரு வீட்டிலிருந்து உறைமோர் வாங்கிவந்து, அதிலும் தயிர் செய்து ஒப்பிட்டுப் பார்ப்பது. மற்றது இன்னும் தீவிரமானது. என் மனைவியிடம் இந்தத் தாம்ப்ஸன் விவகாரத்தை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, “மோரே கிடைக்கலைன்னா ரெண்டு மிளகாய்க் காம்பைப் பால்ல போடுங்க, உறைஞ்சிடும்” என்றாள். அது உண்மை, முதல் நாள் சுமாராகத்தான் உறையும், அதை எடுத்து அடுத்த பாலில் ஊற்றினால் கட்டியாகும். சரியாக இதே காரியத்தைச் சிலர் கணினியில் செய்து முடித்திருக்கிறார்கள். 357 பைட் அளவே உள்ள, மனிதன் ஒரு பிற்பகலில் எண் எண்ணாகச் சரிபார்த்துவிடக்கூடிய ஒரு நுண்ணிய நிரலிலிருந்து தொடங்கி, அதைக் கொண்டு சற்றுப் பெரியதை, அதைக் கொண்டு இன்னும் பெரியதை எனப் படிப்படியாக ஏறி, முடிவில் ஜி.சி.சி. வரையில் கட்டிவிடும் ஏணியைக் கீக்ஸ் என்ற திட்டத்தினர் 2023-ல் நிறைவேற்றினார்கள். 357 பைட் என்பது இந்தக் கட்டுரையின் ஒரு சிறு பத்தி பிடிக்கும் இடத்தைவிடவும் குறைவு. மிளகாய்க் காம்பு என்று சொல்வது அதற்கு மிகவும் தகும்.

கதையின் ஸ்தூலமான பகுதிக்கு வருகிறேன். அன்றிரவு இரண்டு மணிக்கு எழுந்த நான், பையன் தூங்குவதையும் கணினி வெறுமனே இரைவதையும் கண்டு, மின்சாரம் வீணாகிறதே என்று சுவரிலிருந்த சுவிட்சை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன். காலையில் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நல்லவேளையாக, பில்டை நடத்தும் ‘மேக்’ என்ற மேஸ்திரிக்கு ஒரு குணம் உண்டு: ஒவ்வொரு கோப்பும் எப்போது எழுதப்பட்டது என்ற நேரத்தைப் பார்த்து, முடிந்த வேலையைத் தொடாமல் முடியாததை மட்டும் தொடர்ந்து செய்யும். விட்ட இடத்தில் பாதியில் நின்ற கோப்பை அழித்துவிட்டு அவன் மறுபடியும் தொடங்கினான்.

சுவிட்சோடு தொல்லை தீரவில்லை. சீக்கிரம் முடியட்டும் என்று ஒரே சமயத்தில் எட்டு வேலைகளை ஓடவிட்டான். 4 ஜிபி ஞாபகமுள்ள அந்த ஏழைக் கணினி மூச்சுத் திணறி, கம்பைலரைக் கொன்றுவிட்டேன் என்று ஒரு வரி எழுதிவிட்டு நின்றது. இரண்டு வேலைகளாகக் குறைத்ததும் நிதானமாக ஓடிற்று. மறுமுறை, பல மணி நேரம் ஓடிய பின், ‘மேக்இன்ஃபோ’ கிடைக்கவில்லை என்று நின்றது. விசாரித்ததில், அது கம்பைலருக்கு ஒரு சம்பந்தமும் இல்லாத, கையேட்டைத் தயாரிக்கிற கருவி என்று தெரிந்தது. சமையல் முடிந்து, பந்தி போட்டு, இலை போட்ட பிறகு, கல்யாணப் பத்திரிகை அச்சாகவில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் எழுந்து நின்றாற்போல. ஜி.எம்.பி., எம்.பி.எஃப்.ஆர்., எம்.பி.சி. என்று பெரிய எண்களையும் தசமங்களையும் கையாளும் மூன்று துணை நூலகங்கள் முன்னதாக வேண்டும்; மூலம் இருக்கும் அடைவுக்குள்ளேயே கட்டாமல் தனியாக ஓர் அடைவில் கட்ட வேண்டும்; பழைய கம்பைலரின் மேல் போய் விழாமல் புதியதற்கென்று ஓர் இடம் சொல்ல வேண்டும். இவையெல்லாம் கையேட்டில் எழுதியிருக்கின்றன. கையேட்டை இரண்டாம் தடவைதான் வாசிப்பது என்பது பையன்களின் சுபாவம், பெரியவர்களுக்கும் அதேதான்.

மூன்றாம் நாள் மாலை, ஒப்பீடு வெற்றி என்று பொருள்படும் ஒரு வரி திரையில் வந்தது. அவன் அதைப் படமெடுத்து வைத்துக்கொண்டான். அதைக் கொண்டு என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன். அடுத்தது சக்திக்கு என்றான்.

சக்தி என்பது சென்னை ஐ.ஐ.டி.யில் 2014-ஐ ஒட்டித் தொடங்கிப் பேராசிரியர் காமகோடி முதலியோரின் முயற்சியில் வளர்ந்த செயலிக் குடும்பம். அமெரிக்காவில் பர்க்லி சர்வகலாசாலையில் 2010-ல் பிறந்த ரிஸ்க்-ஃபைவ் என்ற கட்டளைத் தொகுதியை, அதாவது சில்லு புரிந்துகொள்ளும் அந்த எண் பாஷையின் இலக்கணத்தை, யாரும் உரிமைக் கட்டணமின்றிக் கையாளலாம். அந்த இலக்கணப்படி சென்னையில் வடிவமைத்த சில்லுகளில் ஒன்று 2018-ல் அமெரிக்காவில் இன்டெல் ஆலையிலும், மற்றொன்று அதே ஆண்டில் சண்டிகரை அடுத்துள்ள நம் அரசாங்க ஆலையிலும் வார்க்கப்பட்டன. 2025 பிப்ரவரியில், விண்வெளிப் பிரயோகத்துக்கென இஸ்ரோவும் ஐ.ஐ.டி.யும் சேர்ந்து செய்த ஐரிஸ் என்ற சில்லு அறிவிக்கப்பட்டது. சக்தியின் வடிவமைப்பு மூலத்தை ஐ.ஐ.டி.யினர் யாவரும் பார்க்கும்படி வெளியிட்டிருக்கிறார்கள். சில்லாக வார்க்காமலே, வேண்டிய வடிவத்தை ஏற்கும் ஒரு பலகையில் அதை ஏற்றி ஒரு மாணவன் வீட்டிலேயே பழகலாம். அவ்வடிவங்களுக்குப் பினாகம், பரசு, வஜ்ரம் என்று பெயர். சிவனுடைய வில், பரசுராமனுடைய மழு, இந்திரனுடைய ஆயுதம். பெயர் வைத்தவர்களுக்குப் புராண ஞானம் குறைவில்லை.

இந்தச் சில்லுகளுக்கு யார் சமைத்துப் போடுவது? வஜ்ரத்திலே கம்பைலரை ஓட்டிக் கட்டுவது என்றால் அதற்கு ஆயுள் போதாது. ஆகவே மேசைக் கணினியிலே கட்டி, அங்கே ஓடி, ஆனால் சக்திக்கு மட்டுமே விளங்கும் பைனரியைத் தருகிற கம்பைலர் வேண்டும். இதைக் கிராஸ் கம்பைலர் என்கிறார்கள். இப்போது கண்டமங்கலத்து எல்லைக்கு வந்துவிட்டோம். தமிழ்நாட்டு மண்ணில் இருக்கும் பட்டறையில் உட்கார்ந்துகொண்டு, அரியூர்க்காரருக்கு வேண்டிய வண்டியை, அந்த எண்பலகையோடும் அந்த அரசாங்கத்தின் சட்டப்படியும் தயாரித்து எல்லைக்கு அப்பால் அனுப்புகிற காரியம் இது. வண்டியை இங்கே ஓட்டிப் பார்க்க முயன்றால் ஓடாது. கருவியைக் கட்டும் இடம், கருவி ஓடும் இடம், கருவி தரும் சரக்கு ஓடும் இடம் என்ற மூன்றையும் தனித்தனியே சொல்லும்படி ஜி.சி.சி. கேட்கிறது, இந்த மூன்றையும் குழப்பிக்கொள்ளாதவனே கெட்டிக்காரன். இந்த நெடுஞ்சாலையில் தினமும் நாலு தடவை மாநிலம் மாறுகிறவனுக்கு அது எளிதில் பிடிபட்டதில் ஆச்சரியமில்லை.

இங்கும் கோழியும் முட்டையும் உண்டு. முதலில் எண்களை அடுக்கும் அசெம்ப்ளரையும் துண்டுகளை இணைக்கும் லிங்கரையும் கட்ட வேண்டும். பிறகு நூலகம் ஒன்றும் இல்லாத மொட்டைக் கம்பைலர் ஒன்று. அதைக் கொண்டு சக்திக்கான ‘சி’ நூலகம். அந்த நூலகத்தை வைத்து முழுக் கம்பைலர். இவை யாவற்றையும் ஒழுங்காக நடத்தும் தொகுப்பு ஒன்றைப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். அதை இறக்கவே ஆறரை ஜிபிக்குமேல் ஆகும் என்பதால் பையன் கல்லூரியிலிருந்து அதை வன்தட்டில் எடுத்து வந்தான்.

கம்பைலர் ஆயிற்று, டிபக்கர் எதற்கு? எழுதிய நிரல் ஒழுங்காக ஓடினால் வேண்டாம்தான். ஓடாதபோது, ஓடிக்கொண்டிருக்கும் நிரலை ஓரிடத்தில் நிறுத்தி, இந்தக் கணத்தில் உன் கையில் என்ன இருக்கிறது, எங்கிருந்து வந்தாய் என்று கேட்கும் கருவி அது. நிறுத்துகிற உபாயம் மிக அழகானது. நிறுத்த வேண்டிய இடத்திலுள்ள கட்டளையை எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அங்கே ‘நில்’ என்ற பொறிக் கட்டளை ஒன்றைப் பதித்துவிடும். நிரல் ஓடிவந்து அதை மிதித்ததும் நின்றுவிடும். நாம் பார்க்க வேண்டியதைப் பார்த்த பிறகு, எடுத்த கட்டளையைத் திரும்ப வைத்து, ஒன்றும் நடவாதது போல் போகச் சொல்லும். யந்திர பாஷையின் இன்ன எண் மூலத்தின் இன்ன வரியிலிருந்து வந்தது என்ற வம்சாவளியைக் கம்பைலர் தனியே எழுதிவைக்கிறது; அந்த ஏட்டின் முறைக்கு ‘ட்வார்ஃப்’, குள்ளன், என்று பெயர். பைனரிக் கோப்பின் முறைக்கு ‘எல்ஃப்’ என்ற வனதேவதையின் பெயர் இருந்ததால் துணைக்குக் குள்ளனைச் சேர்த்துக்கொண்டார்களாம். வஜ்ரப் பலகையைப் பொறுத்தவரை, ஒரு கம்பி வழியே பலகையோடு பேசும் இடைத்தரகன் ஒருவன் மேசைக் கணினியில் காத்திருக்க, ஜி.டி.பி. அவனிடம் சொல்லி அப்பால் இருக்கும் சில்லை நிறுத்துகிறது. கம்பைலரும் டிபக்கரும் ஒத்த வயதினவாக, ஒன்றோடொன்று அனுசரித்துப் போகிறவையாக இருக்க வேண்டும் என்பதனாலேயே இரண்டையும் சேர்த்து மூலத்திலிருந்து கட்டிக்கொள்கிறார்கள்.

சக்தியின் கதையில் இன்னொரு கம்பைலரும் உண்டு. அந்தச் சில்லின் வடிவமே புளூஸ்பெக் என்ற பாஷையில் எழுதப்பட்டிருக்கிறது. எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த அர்விந்த் 2003-ல் தொடங்கிய கம்பெனியின் சரக்கு அது. வெகு காலம் அதன் கம்பைலர் உரிமம் பெற்றவர்களுக்கே கிட்டியது. சில்லின் மூலம் திறந்து கிடந்தும், அதைப் பெயர்க்கும் கருவி பூட்டிக் கிடந்ததனால், வீட்டில் இருக்கும் மாணவன் மூலத்தை வாசிக்கத்தான் முடிந்தது. 2020-ல் அந்தக் கம்பைலரின் மூலத்தையும் வெளியிட்டார்கள். சக்தியைப் பற்றி எழுதுகிறவர்கள் சில்லு வார்த்த வருஷங்களைப் பெரிதாக எழுதுகிறார்கள். என் அபிப்பிராயத்தில் இந்த 2020 அவற்றுக்கு ஒரு மாற்றும் குறைந்ததல்ல.

ஆனால் கட்டுவது சுலபம். நாலைந்து இரவு விழித்தால் எங்கள் வீட்டுப் பையனும் கட்டிவிடுகிறான். வருஷத்துக்கு ஒரு பெரிய பதிப்பு வீதம் வெளியாகிற ஜி.சி.சி.யை, ஒவ்வொரு நாளும் வருகிற திருத்தங்களைப் படித்துப் பார்த்து, ஒரு சில்லுக்குச் செய்த உபகாரம் இன்னொரு சில்லுக்கு அபகாரமாகிவிடாமல் ஆயிரக்கணக்கான பரிசோதனைகளை ஓட்டி, உடைந்ததை ஒட்டிக் காத்துவருகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களுடைய உழைப்பு கோயில் கட்டியவர் பெயர் கல்வெட்டில் இருக்க, நித்திய பூஜை செய்தவர் பெயர் காணாமற்போன கதை. பராமரிக்க ஆள் இல்லாத சில்லின் பகுதியை ஜி.சி.சி. அறிவிப்புக் கொடுத்துவிட்டு நீக்கிவிடும். 2025-ல் வந்த 15-ஆம் பதிப்பில் நையாஸ் என்ற சில்லின் பகுதி அவ்வாறே போயிற்று. இட்டேனியம் என்ற மற்றொன்றுக்கும் முந்திய பதிப்பிலேயே ஓலை வந்துவிட்டது. ஆனால் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒருவர் முன்வந்ததனால் அது பிழைத்துக்கொண்டது. விற்பனை நின்றுபோன சில்லு. ஆள் இருந்தது, ஆகவே இருக்கிறது.

இதைவிட நமக்கு நெருங்கியது ஒன்று. பள்ளிப் பிள்ளைகள் விளக்கெரித்தும் மோட்டார் சுற்றியும் விளையாடும் ஆர்டுவினோ என்ற நீலப் பலகையைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதில் பெரும்பாலும் இருப்பது ஏ.வி.ஆர். என்ற சில்லு, அதற்குச் சமைப்பது ஜி.சி.சி. ஒப்பிட்டுப் பார்த்த விடையைக் குறித்துவைப்பதற்கு ஜி.சி.சி.யின் உள்ளே இருந்த மிகப் பழைய முறை ஒன்றை அடியோடு நீக்குவதென்று தீர்மானித்தபோது, அம்முறையையே நம்பியிருந்த ஏ.வி.ஆர். பகுதி, மாற்றி எழுதப்படாவிட்டால் வெளியேற வேண்டியிருந்தது. மாற்றி எழுதப்பட்டது. ஏ.வி.ஆர். பகுதியில் நடந்த திருத்தங்களின் பதிவேட்டை யாரும் இன்றும் புரட்டிப் பார்க்கலாம். அதிலே தமிழ்ப் பெயர்கள் உள்ளன. பத்திரிகைகளில் அவர்கள் படம் வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

இந்த வித்தையை நம்மவர் கற்க இடமில்லாமலும் இல்லை. மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் உதய் கேட்கர் ஜி.சி.சி.யின் உள்ளமைப்பை ஆராய்வதற்கென்றே ஒரு மையம் வைத்துப் பயிலரங்குகள் நடத்தினார். தமிழில் கட்டற்ற மென்பொருள் பற்றிக் கணியம் 2012-லிருந்து எழுதிவருகிறது. இவ்வளவு தூரம் போவானேன், விழுப்புரத்திலேயே குனு/லினக்ஸ் பயனர் குழு ஒன்று பத்தாண்டுகளுக்கு மேலாகக் கிராமத்து மாணவர்களுக்கு இலவசமாகக் கற்பித்துவருகிறது. பிழை ஒன்றைக் கண்டுபிடித்து, அது எந்தப் பதிப்பில் எந்த வரியில் நிகழ்கிறது என்று சுருக்கிக் காட்டும் சிறு நிரலோடு எழுதி அனுப்புவதே பராமரிப்பின் முதற்படி. அதற்குக் கண்டமங்கலமும் கலிபோர்னியாவும் ஒன்றே.

எங்கள் வீட்டுப் பையனுடைய வஜ்ரப் பலகை, கல்லூரி ஆய்வகத்திலிருந்து இரவல் வாங்கியது, ஒரு வாரம் மௌனமாக இருந்துவிட்டு எட்டாம் நாள் திரையில் வணக்கம் என்று எழுதிற்று. அத்தைக்குத்தான் முதலில் காட்டினான். வாசகர்களில் கல்லூரிப் பிள்ளைகளை உடையவர்களுக்கு நான் சொல்லிக்கொள்வது ஒன்றுண்டு: நள்ளிரவில் கணினி ஆளில்லாமல் இரைந்துகொண்டிருந்தால், தயவுசெய்து சுவிட்சில் கை வைக்காதீர்கள், பிள்ளையை எழுப்பி ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பிறகு படுத்துக்கொள்ளுங்கள்.